மருந்தும் உறைவிடமும்

நுழையும்முன்

நோயுற்ற குழந்தைக்கு மருத்துவமனையில் படுக்கை உண்டு. உடன் வந்த தாய் தந்தையர் எங்கே தங்குவர்? சிறிதெனத் தோன்றும் இவ்வினாவின் விடையைப் பொறுத்தே சில குழந்தைகளின் சிகிச்சை நிறைவுறுகிறது. சிலருடையது பாதியில் நின்றுவிடுகிறது.

நான்காம் கூறு

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என்பன அவை. நோயாளி குழந்தையாக இருக்கும்போது நான்காம் இடம் பெற்றோருக்கு உரியதாகிறது. வேளை தவறாமல் மருந்தூட்டுபவரும், குழந்தையின் உடற்சூட்டில் தோன்றும் சிறு மாற்றத்தை முதலில் உணர்பவரும் அவர்களே. ஆயினும் மருத்துவமனைகளை அமைக்கும்போது முதல் மூன்று கூறுகளுக்கு இடம் ஒதுக்கிய பின்னரே நான்காமவர் பெரும்பாலும் நினைவுக்கு வருகிறார்.

சத்திர மரபு

வழிப்போக்கர்க்கு உணவும் உறையுளும் தந்த சத்திரங்கள் தமிழ்நாட்டில் பல இருந்தன. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தை நிறுவினார். தஞ்சைச் சத்திரங்களில் நோயுற்ற பயணிகளுக்கு மருத்துவர் துணையுடன் சிகிச்சை அளிக்கப்பட்டதையும், அவர்கள் நலம்பெறும்வரை பேணப்பட்டதையும் 1801ஆம் ஆண்டு அம்மன்னர் எழுதிய மடல் தெரிவிக்கிறது. சென்னையிலும் இம்மரபு தொடர்ந்தது. 1782ஆம் ஆண்டுப் பஞ்ச காலத்தில் தோன்றிய கஞ்சித்தொட்டி, மணியக்காரர் சத்திரமாக வளர்ந்தது. அதனையொட்டி 1799இல் தொடங்கப்பட்ட மருத்துவமனையே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனைக்கு வித்தாயிற்று. இடம் தருவதும் நோய் தீர்ப்பதும் அன்று ஓர் அறத்தின் இரு செயல்களாகவே விளங்கின.

தாம்பரமும் அடையாறும்

1928ஆம் ஆண்டு மருத்துவர் சௌரிமுத்து தாம்பரத்தில் காசநோய்க்கான மருத்துவமனையை நிறுவினார். காசநோயைத் தீர்க்கும் நுண்ணுயிர்க்கொல்லிகள் கண்டறியப்படாத காலம் அது. தூய காற்றும் ஓய்வும் ஊட்டமான உணவுமே அன்று மருந்தாக அமைந்தன. நல்ல இடத்தில் தங்குவதே சிகிச்சையாக இருந்த அக்காலத்தை ‘தாம்பரம் சானடோரியம்’ என்னும் தொடர்வண்டி நிலையத்தின் பெயர் இன்றும் நினைவூட்டுகிறது.

இன்று தாம்பரமும், 2023 டிசம்பரில் பேருந்து முனையம் திறக்கப்பட்ட கிளாம்பாக்கமும், தென்மாவட்ட மக்கள் சென்னைக்குள் நுழையும் வாயில்களாக உள்ளன. அங்கு வந்து இறங்குவோருள் அடையாறு புற்றுநோய் நிறுவனத்தை நாடிக் குழந்தையோடு வருவோரும் உளர். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அந்நிறுவனம் தொடங்கப்பட்டது. குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு அங்கு 1960இல் உருவாயிற்று.

அருகில் தங்குவது ஏன்?

குழந்தைகளை மிகுதியாகத் தாக்கும் புற்றுநோய், இரத்தப் புற்றுநோய். அதன் பெரும்பான்மை வகைக்கான சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் வரை நீளும். தொடக்க மாதங்களில் சிகிச்சை தீவிரமாக நடைபெறும். அப்போதும் குழந்தை எல்லா நாளும் மருத்துவமனைப் படுக்கையில் இருக்க வேண்டியதில்லை. குறித்த நாள்களில் வந்து மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பலாம். ஆனால், புற்றுநோய் மருந்துகள் இரத்த வெள்ளணுக்களைக் குறைப்பதால் நோய் எதிர்ப்பாற்றல் தளர்ந்திருக்கும். அந்நிலையில் காய்ச்சல் கண்டால் சிறிதும் தாமதமின்றி மருத்துவமனையை அடைய வேண்டும். திருநெல்வேலியிலோ இராமநாதபுரத்திலோ வாழும் குடும்பத்தால் ஊரிலிருந்தபடியே இது இயலாது.

நகரில் வாடகைக்குத் தங்கப் பொருள் வேண்டும். குழந்தையுடன் இருப்பதால் பெற்றோரின் கூலியும் நின்றுபோகும். வேறு வழியின்றி நடைபாதையிலும் நிலைய மேடையிலும் தங்கினால், மருந்து காத்த உயிரை நோய்த்தொற்று பறிக்கக்கூடும். இந்நெருக்கடியில் சில குடும்பங்கள் சிகிச்சையைக் கைவிட்டு ஊர் திரும்புகின்றன. வளம் மிக்க நாடுகளில் புற்றுநோயுற்ற குழந்தைகளுள் 80 விழுக்காட்டினருக்கு மேல் குணமடைகின்றனர். வளம் குன்றிய நாடுகள் பலவற்றிலோ 30 விழுக்காட்டினரும் குணமடைவதில்லை என உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. இவ்வேறுபாட்டிற்கான காரணங்களுள் சிகிச்சை இடைநிற்றலும் ஒன்று.

இல்லங்களின் அமைப்பு

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் குழந்தைகள் புற்றுநோய் மருத்துவராகப் பணியாற்றிய ஆட்ரி எவன்ஸ், பெற்றோர் தங்க இடமின்றி இடர்ப்படுவதைக் கண்டார். தம் மகளின் இரத்தப் புற்றுநோயால் அத்துயரை அறிந்திருந்த விளையாட்டு வீரர் ஃபிரெட் ஹில்லும் அவருக்குத் துணைநின்றார். 1974இல் முதல் ‘ரொனால்டு மெக்டொனால்டு இல்லம்’ அந்நகரில் திறக்கப்பட்டது. இந்தியாவில் நிஹால் கவிரத்னே, ஷ்யாமா கவிரத்னே இணையர் 2006இல் மும்பையில் ‘செயின்ட் ஜூட்’ இல்லத்தைத் தொடங்கினர். எட்டுக் குடும்பங்களுக்கான இடத்துடன் தொடங்கிய அப்பணி இன்று சென்னை, வேலூர் உள்ளிட்ட நகரங்களிலும் நடைபெறுகிறது.

இத்தகைய இல்லங்களின் அமைப்பு மருத்துவத் தேவையை ஒட்டியது. ஒவ்வொரு குடும்பத்திற்கும் தனி இடம் தரப்படுவதால் தொற்று பரவுவது குறைகிறது. பொதுச் சமையலறையில் தனி அடுப்பு இருப்பதால், குழந்தை விரும்பும் உணவைத் தாயே தூய்மையாகச் சமைத்தளிக்க முடிகிறது. மருத்துவமனைக்குச் சென்றுவர ஊர்தி, தடைபட்ட கல்வியைத் தொடர வகுப்பு, மனநல ஆலோசனை ஆகியனவும் கிடைக்கின்றன. இவை யாவும் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. அனைத்தினும் மேலாக, இதே சிகிச்சையைக் கடந்து நலம்பெற்ற மற்றொரு குழந்தையை நேரில் காணும் பெற்றோர்க்குச் சிகிச்சையை இறுதிவரை தொடரும் துணிவு பிறக்கிறது.

உறைவிடம் மட்டும் நோயைத் தீர்த்துவிடாது. ஆனால், தீர்க்கவல்ல மருந்து குழந்தையைத் தொடர்ந்து சென்றடைய அது துணை செய்கிறது. எனவே நோயுற்ற குழந்தையின் குடும்பத்துக்குத் தங்க இடம் தருவதை இரக்கத்தால் இடும் கொடையாக மட்டும் கருதலாகாது. மருத்துவர், மருந்து, கருவிகள் ஆகியவற்றைக் கணக்கிட்டு மருத்துவமனையைத் திட்டமிடுவோர், பேணுபவருக்கான கூரையையும் அக்கணக்கில் சேர்ப்பதே முறையாகும்.