பரணில் கிடக்கும் பாட்டு பிளேட்டு: எடைக்குப் போட்டால் குரலே போச்சு!

திருச்சி,

ஓட்டை அண்டா, ஓடாத ஃபேன், கால் உடைந்த நாற்காலி... பழைய வீட்டைக் காலி செய்யும்போது காயலான் கடைக்குப் போகும் சாமான்கள் இவை. இவற்றோடு சேர்ந்து போவது இன்னொன்று. வட்டமான கறுப்புத் தட்டு, நடுவில் ஓட்டை, மேலெல்லாம் மயிரிழை போல் கோடு.

"இது எதுக்கு ஆகும்? சேத்துப் போட்டுடு!"

வீட்டார் சர்வ சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தட்டுக்காகத்தான் ஊர் ஊராக, கடை கடையாக அலைகிறது ஒரு கூட்டம்! திருச்சி கடைத்தெருவிலும் ஸ்ரீரங்கம் வீதிகளிலும் பழைய வீடுகள் இடிபட்டு அடுக்குமாடி எழும்பும் காலம் இது. பரணில் தூங்கிய கிராமபோன் பிளேட்டுகள் தெருவுக்கு வருகின்றன. சில தட்டுகள் பாட்டுப் பைத்தியங்களின் கைக்குப் போகின்றன. மற்றவை உடைந்து குப்பைக்குப் போகின்றன.

எது போகலாம், எது போகக்கூடாது? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

வீட்டுக்கு வீடு இருந்தால் விலை இல்லை!

"பழசு என்றால் பணம்" என்று நினைப்பவர்கள் ஏமாந்து போவார்கள். பிளேட்டு உலகத்தில் வயசுக்கு மதிப்பு குறைவு. கிடைக்காததற்குத்தான் மவுசு.

எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய வெங்கடேச சுப்ரபாதம் எல்.பி. 1963-ல் வந்தது. விடியற்காலையில் அது ஒலிக்காத தெரு உண்டா? அமோகமாக விற்றது. ஆகவே இன்றும் சுலபமாகக் கிடைக்கிறது. வியாபாரி அதற்குக் கண்ணைக்கூட உயர்த்த மாட்டார்.

அதே எம்.எஸ். முதன்முதலில் பிளேட்டில் பாடியது 1926-ல். அப்போது அவருக்கு வயது 10! மறு வருஷம், 1927-ல், நம்ம மலைக்கோட்டை நூற்றுக்கால் மண்டபத்தில் அரங்கேறி ஊரையே அசத்தினார் அந்தச் சிறுமி. அந்தக் காலத்துத் தட்டு ஒன்று கீறல் விழாமல் கையில் சிக்கினால், சேகரிப்பவர் அன்று இரவு தூங்க மாட்டார்!

ஒரே குரல்தான். ஒன்று தெருவெல்லாம் கிடைக்கிறது. இன்னொன்றைத் தேடித் தேடிக் கால் தேய்கிறது.

விற்காத பாட்டுக்கு லட்ச பவுண்டு!

இந்தப் பைத்தியம் நம் ஊரோடு நிற்கவில்லை. சீமையில் இதைவிட முற்றிய கேஸ் உண்டு.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகை ஒன்றுக்கு 'சோல்' என்று பெயர். தேவாலயத்துப் பாட்டின் உருக்கமும் ஆட்டத்துக்கான தாளமும் கலந்தது. 1960-களில் அங்கே ஏராளமான தட்டுகள் வந்தன. சில ஓடின, பல ஊத்திக்கொண்டன.

அப்படி ஊத்திக்கொண்ட தட்டுகளைத் தேடிப் பிடித்தார்கள் இங்கிலாந்தின் வடபகுதித் தொழிற்சாலை நகரத்து இளைஞர்கள். விகன் என்ற ஊரில் 'விகன் கேசினோ' என்ற ஆட்டக் கூடம், 1973 முதல் 1981 வரை நடந்தது. விடிய விடிய ஆட்டம்! வேறு எங்கும் கிடைக்காத பிளேட்டு யாரிடம் இருக்கிறதோ அவரே ராஜா. அடுத்தவனுக்குப் பெயர் தெரிந்துவிடக்கூடாது என்று லேபிள் மேல் காகிதம் ஒட்டி மறைத்துப் போட்டவர்களும் உண்டு!

ஃபிராங்க் வில்சன் என்பவர் 1965-ல் பாடிய ஒரு பாட்டு, மாதிரித் தட்டாக மட்டும் அச்சாகி, விற்பனைக்கு வராமலே அழிக்கப்பட்டது. தப்பிய தட்டுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2009-ல் அதில் ஒன்று 25,742 பவுண்டுக்கு விலைபோனது. 2020-ல் ஒரு தட்டுக்கு 1 லட்சம் பவுண்டு!

யாரும் வாங்காததால் வந்த விலை அது. நம் பக்கத்துத் தட்டுகளின் கதை வேறு. இங்கே பல தட்டுகள் அரிதானது, வாங்கியவர்கள் தேயத் தேயக் கேட்டதால்!

பாட்டைத் தின்ற ஊசி

அந்தக் காலத்து 78 சுற்று பிளேட்டு பிளாஸ்டிக் அல்ல; அரக்கு. மரத்தில் பூச்சி கட்டும் அதே அரக்குதான். அதோடு கல்மாவு, கரி எல்லாம் கலந்து சூட்டில் அழுத்திச் செய்தார்கள். ஆரம்பத்தில் நம் நாட்டுப் பாட்டுகளைக்கூட ஜெர்மனியில் உள்ள ஹானோவருக்கு அனுப்பி அச்சடித்தார்கள். 1908-ல் கல்கத்தா சியால்டாவில் தொழிற்சாலை வந்தது. 1928-ல் அது டம்டம்முக்கு மாறியது. நாய் மார்க் பிளேட்டில் 'டம்டம்' என்று படித்தவர்களுக்கு இப்போது ஞாபகம் வரும்.

10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிஷம். மணிக்கணக்கில் கச்சேரி செய்த வித்வான் அந்த 3 நிமிஷத்துக்குள் ஆலாபனை, பாட்டு, ஸ்வரம் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும்.

கேட்பவருக்கும் லேசில்லை. சாவி கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் புது எஃகு ஊசி போட வேண்டும். சிக்கனம் பார்த்து ஒரே ஊசியில் 10 பாட்டு கேட்டால்? ஊசி தட்டை உழுதுவிடும். பிடித்த பாட்டு எதுவோ அதுதான் முதலில் தேய்ந்தது!

தப்பியவை கைதவறி விழுந்தன. அரக்குத் தட்டு அப்பளம் மாதிரி. விழுந்தால் தூள்!

கிட்டப்பாவைக் கேட்க வேறு வழி ஏது?

"தேய்ந்தால் தேயட்டும், உடைந்தால் உடையட்டும். பழம் பாட்டு போனால் என்ன?" என்று கேட்கலாம். எஸ்.ஜி. கிட்டப்பாவை நினைத்துப் பார்த்தால் அப்படிக் கேட்கத் தோன்றாது.

நாடக மேடையின் சக்கரவர்த்தி. 1906-ல் பிறந்து 1933 டிசம்பரில், 27 வயதில் போய்விட்டார். தமிழ்ப் பேசும் படம் பிறந்ததே 1931-ல்தான். கிட்டப்பா சினிமாவில் நடிக்கவே இல்லை.

திருச்சிவாசிகள் சொந்தம் கொண்டாடும் எம்.கே. தியாகராஜ பாகவதரை 1944-ல் வந்த 'ஹரிதாஸ்' படத்தில் இன்றும் பார்க்கலாம், கேட்கலாம். கிட்டப்பாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் குரல் இன்று காதில் விழுகிறது என்றால், அது பிளேட்டில் பாடி வைத்ததால்தான். அந்தப் பிளேட்டை யாரோ ஒருவர் உடையாமல் காப்பாற்றியதால்தான்.

பிளேட்டு உடைந்திருந்தால்? "அப்படிப் பாடுவாராம், இப்படிப் பாடுவாராம்" என்று கதைதான் பேசிக்கொண்டிருப்போம்.

எங்கிருந்து வருகிறது சரக்கு?

கச்சேரி கேட்டுப் பழகிய வீடுகளில் கர்நாடக சங்கீதம். நாடகப் பிரியர்களின் வீட்டில் 'செட்டு' பிளேட்டு. ஒரு முழு நாடகத்தையும் பல தட்டுகளில் பிரித்துப் பாடி விற்றது அது. செட்டில் ஒரு தட்டு குறைந்தாலும் மதிப்பு சரிந்துவிடும்.

பெரிய புதையல் மைக் செட்காரர்களிடம்! கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் புனல் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டுப் போட்டவர்கள் அவர்கள். 'திருவிளையாடல்' வசனத்தையும், பிறகு 'விதி' வசனத்தையும் ஊரே மனப்பாடம் செய்தது அவர்கள் புண்ணியத்தில்தான். கேசட் வந்தபின் பெட்டி பெட்டியாகத் தட்டுகள் மூலைக்குப் போயின.

பொன்மலைப் பக்கம் வேறு ரகம். ரயில்வே பணிமனையை ஒட்டி வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு மேல்நாட்டுப் பாட்டும் டான்ஸும் உயிர். பலர் பிற்பாடு ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பலேறினார்கள். மேல்நாட்டில் 78 சுற்று தட்டு வழக்கொழிந்த பிறகும் இங்கே அது அச்சானது. பீட்டில்ஸ் பாட்டுகூட டம்டம்மில் அரக்குத் தட்டாக வந்தது! இன்று அதற்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் போட்டி போடுகிறார்கள்.

இளசுகள் தேடுவது இன்னொன்று: 1980-களில் 'எக்கோ' வெளியிட்ட இளையராஜா எல்.பி.க்கள்.

தட்டுக்குத் தட்டு மாற்று!

இந்த வியாபாரத்தில் பணத்தைவிடப் பண்டமாற்றுக்கு ருசி அதிகம். ஒரே தட்டு இரண்டு இருந்தால் ஒன்றைக் கொடுத்து, இல்லாததை வாங்குவது. "உங்ககிட்ட கே.பி. சுந்தராம்பாள் ரெண்டு இருக்கா? ஒண்ணு தாங்க. நான் ஒரு பழைய நாதஸ்வரம் தர்றேன்" என்ற ரீதியில் பேரம் நடக்கும். சென்னை மூர் மார்க்கெட் 1985-ல் தீக்கிரையாகும் வரை, பழசு தேடுபவர்களுக்கு அதுதான் காசி.

வாங்குகிறவர் முதலில் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்திருந்தால் தேய்ந்த சரக்கு. ஓரத்தை விரலால் லேசாகத் தட்டுவார். மண்பானை மாதிரி 'டங்' என்றால் முழுசு. 'டப்' என்றால் எங்கோ விரிசல். பிறகு லேபிளில் கம்பெனிப் பெயர், நம்பர். ஹெச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன், பிராட்காஸ்ட்... ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம்.

சினிமாப் பாட்டில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த நாளில் படத்துப் பாட்டைப் பிளேட்டுக்காகத் தனியே மறுபடி பாடுவார்கள். சில சமயம் பாடியவரே வேறாக இருப்பார்! லேபிளைப் படிக்காமல் வாங்கினால் அசல் எது, அடுத்தது எது என்று தெரியாது.

மிகப் பழைய தட்டுகளில் கடைசி வினாடி வரை காது கொடுக்க வேண்டும். 1902-ல் கல்கத்தாவில் பாடிய கவுஹர் ஜான், பாட்டு முடிந்ததும் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்வார். ஜெர்மனியில் லேபிள் ஒட்டுகிறவருக்கு ஆள் அடையாளம் தெரியத்தான் அந்த ஏற்பாடு.

பூட்டி வைத்தால் என்ன லாபம்?

இத்தனை பாடுபட்டுச் சேர்த்த தட்டைச் சிலர் பீரோவில் பூட்டிவிடுகிறார்கள். "அடுத்தவன் கேட்டுட்டா என் தட்டுக்கு மதிப்பு போயிடும்" என்ற பயம்! விகனில் லேபிளை மறைத்தவர்களின் அதே புத்தி.

பூட்டிய தட்டுக்கும் பரணில் கிடக்கும் தட்டுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் பாடாது.

மாறாக நடந்தவர்களும் உண்டு. சென்னையில் வி.ஏ.கே. ரங்கா ராவ் பல்லாயிரம் தட்டுகளைச் சேர்த்ததோடு நிற்காமல், அவற்றைப் பற்றி எழுதினார், பேசினார். 1990-ல் மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் தோன்றியது. தட்டு வைத்திருப்பவர்கள் கூடிக் கேட்டார்கள்; குறிப்புகளைப் பத்திரிகையாக வெளியிட்டார்கள். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு 'ஓடியன்', 'யங் இந்தியா' தட்டுகள் கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டன. கொழும்பு வானொலியின் இசைத்தட்டு நூலகத்தின் பெருமை பழைய நேயர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பிரதி எடுத்தால் அசலின் விலை குறையாது. ஃபிராங்க் வில்சன் பாட்டை இன்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். தட்டின் விலையோ ஏறிக்கொண்டுதான் போனது!

சட்டமும் ஓரளவு வழிவிடுகிறது. நம் நாட்டில் ஒலிப்பதிவின் மீதான உரிமை, வெளியான மறு ஆண்டிலிருந்து 60 வருஷம். கிட்டப்பா காலத்து ஒலிப்பதிவுகளுக்கு அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது.

வீட்டில் இருக்கிறதா? கவனிக்க வேண்டியவை

* துடைக்கும்போது: அரக்குத் தட்டில் ஸ்பிரிட் படவே கூடாது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் தச்சர்கள் பாலிஷ் போடுகிறார்கள். உங்கள் பாட்டும் அப்படியே கரைந்துவிடும்! மெல்லிய ஈரத் துணி போதும். லேபிள் நனையக் கூடாது.

* அடுக்கும்போது: ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல், புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள். திருச்சி வெயில் தெரிந்ததுதானே? ஓட்டுக் கூரைக்கு அடியில், ஜன்னலோரத்தில் வைத்தால் தட்டு வளைந்துவிடும்.

* போடும்போது: எல்.பி. ஓட்டும் ஊசியில் 78 தட்டைப் போடாதீர்கள். 78-ன் கோடு அகலம். அதற்கென்று தடித்த ஊசி தனியாக உண்டு. பழைய சாவி கிராமபோனில் ஆசைக்கு ஓட்டுவதாக இருந்தால் மலிவான தட்டைப் போடுங்கள். அரிய தட்டை அதில் ஏற்றாதீர்கள்.

* உடைந்திருந்தால்: தூக்கி எறிய வேண்டாம். லேபிளில் உள்ள பெயரும் நம்பருமாவது ஒருவருக்குப் பயன்படும்.

* விற்கும்போது: எடைக்குப் போடுமுன் லேபிளைப் படியுங்கள். நம்பரை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பேரிடம் காட்டுங்கள். கையை விட்டுப் போகுமுன் பாட்டைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தா வாங்கிய தட்டுக்கு லட்ச ரூபாய் வராமல் போகலாம். பெரும்பாலும் வராது. பரணைச் சுத்தம் செய்கிற அன்று, தள்ளிவிடுமுன் ஒரு தடவை ஓடவிட்டுக் கேட்டால் 3 நிமிஷம்தான் செலவு. உள்ளே பாடுகிறவர் யாராக இருக்குமோ, யார் கண்டது!