தேய்ந்த காசின் முகவரி

கொக்குவிலிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் சென்றால் சுன்னாகம் வரும். அதன் அயலிலுள்ள பழம்பதியே கந்தரோடை. 1917ஆம் ஆண்டையொட்டிப் போல் பீரிஸ் என்னும் அறிஞர் அங்கு ஆராய்ந்தபோது, ஏனைய தொல்பொருள்களுடன் உரோம நாணயங்களும் கிடைத்தன.

இலங்கையிற் கண்டெடுக்கப்பட்ட உரோமக் காசுகளிற் பெரும்பாலானவை கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளுக்குரிய சிறு செப்புக் காசுகளே. அவற்றுட் பல எழுத்தழிந்து களிம்பேறியவை. பேரரசன் பெயரே மறைந்தபின் காலத்தை அறிவது எவ்வாறு?

முன்புறத்துத் தலை பெரிதும் உதவாது. மன்னர் பலரும் ஒரே சாயலிற் பொறிக்கப்பட்டனர். பின்புற உருவமோ காலத்துக்குக் காலம் மாறியது. காசைச் சாய்வான ஒளியிற் பிடித்தால், மழுங்கிய மேடும் நிழல் காட்டும். கொடிக்கம்பத்தின் இருபுறமும் வீரர் இருவர் நின்றால், அது 330ஆம் ஆண்டின் பின்னர் வெளிவந்தது. வீழ்ந்த குதிரைவீரனை ஈட்டியாற் குத்தும் உருவம் 348ஆம் ஆண்டின் பின்னரும், கைதியை இழுத்துச் செல்லும் வெற்றித் தெய்வம் 388ஆம் ஆண்டின் பின்னரும் வழங்கின. எடையும் விட்டமும் அம்முடிவைச் சரிபார்க்க உதவும்.

உரோமக் காசைப் பார்த்து இலங்கையில் அடித்த காசுகளும் உள. அவற்றில் எழுத்துக்கள் பொருளற்ற கோடுகளாகவே காணப்படும். ஆகவே, எழுத்தில்லாத காசு யாவும் தேய்ந்த காசு அன்று.

இத்தகைய காசு கையிற் கிட்டினால், பித்தளைப் பாத்திரம்போலப் புளியிட்டுத் துலக்குதல் ஆகாது. பதினைந்து நூற்றாண்டுகளாக மண் விட்டுவைத்த மெல்லிய மேட்டை ஒரு பிடி புளி அழித்துவிடும். அது கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துவைத்து, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவித்தலே முறை. கிடைத்த இடம் தெரியாத காசு கடல்வாணிகத்தின் வரலாற்றுக்குச் சான்றாவது அரிது.