மிதிக்காமலும் ஓடும் சக்கரம்

"தாத்தா, உங்க சைக்கிள் மட்டும் ஏன் டிக் டிக்னு சத்தம் போடுது? என் வண்டி போடலையே?"

அல்சூர் ஏரிப் பக்கம் என் பேரன் கேட்ட கேள்வி இது. அவனுக்கு வயது நான்கு, வண்டிக்குச் சக்கரம் மூன்று. அன்று நான் சொன்ன பதில் அரைகுறை. முழுப் பதிலை வீடு திரும்பும் வழியில் ஓர் இறக்கம் எனக்குக் கற்றுக் கொடுத்தது.

பெரிய சைக்கிளின் பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரத்தை ஃப்ரீ வீல் என்கிறோம். பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் அது இரண்டு வளையங்கள். உள்வளையம் சக்கரத்தின் ஹப்பில் மரையிட்டு இறுக்கப்பட்டது. வெளிவளையத்தின் மேல் செயின் ஓடுகிறது. அதன் உட்புறத்தில் ரம்பம் போல ஒரு பக்கம் சாய்ந்த பற்கள் உண்டு. உள்வளையத்தில் உள்ள சிறு இரும்பு நாக்குகளை மெல்லிய ஸ்பிரிங் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்.

நாம் மிதித்தால் பற்கள் நாக்கில் முட்டிச் சக்கரத்தைச் சுற்றும். மிதிப்பதை நிறுத்தினால் வெளிவளையம் நின்றுவிடும். உள்வளையம் சக்கரத்தோடு ஓடும். அப்போது நாக்குகள் பற்களின் சாய்வில் வழுக்கி, ஒவ்வொன்றாகத் தாண்டி விழும். அந்த ஓசைதான் 'டிக் டிக்'.

பேரனின் வண்டியில் இதெல்லாம் இல்லை. பெடல் முன்சக்கரத்தோடு நேராகப் பிணைந்தது. சமதரையில் அது வசதி. காலை நிறுத்தினால் வண்டி நிற்கும். பெடலே பிரேக்! ஆனால் 30 செ.மீ. விட்டமுள்ள சக்கரம், இறக்கத்தில் மணிக்கு 10 கி.மீ. வேகம் பிடித்தால், நொடிக்குச் சுமார் 3 சுற்றுச் சுற்றும். பிஞ்சுக் கால் அதற்கு ஈடுகொடுக்குமா? அன்று பேரன் பயந்து காலைத் தூக்கிவிட்டான். தூக்கியதும் இருந்த ஒரே பிரேக்கும் போயிற்று. நல்ல வேளை, ஓடிப்போய் ஹாண்டில்பாரைப் பிடித்தேன்.

பெரியவர்களும் ஒரு காலத்தில் இந்தப் பாடுபட்டவர்களே. 1870களில் இங்கிலாந்தில் ஓடிய உயரச் சக்கர சைக்கிளிலும் பெடல் முன்சக்கரத்தோடுதான் இருந்தது. இறக்கம் வந்தால் ஓட்டுபவர்கள் காலை ஹாண்டில்பாரின் மேல் போட்டுக்கொள்வார்கள். 1890களின் இறுதியில் ஃப்ரீ வீல் பரவலாயிற்று. கால் ஓய்வு பெற்றது. ஆனால் பெடலால் வேகத்தைக் குறைக்கும் வழி அடைபட்டது. ஆகவே தனி பிரேக் கட்டாயமாயிற்று. 1903-ல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் சாக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த 'டார்பிடோ' ஹப், ஓய்வையும் பிரேக்கையும் ஒன்றாக்கியது. பெடலைப் பின்பக்கம் மிதித்தால் சக்கரம் நிற்கும்.

இன்று பின்னால் பெரியவர் பிடித்துத் தள்ளும் கம்பியோடு வரும் சில மூன்று சக்கர வண்டிகளில், பெடலைச் சக்கரத்திலிருந்து பிரித்துவிடும் வசதி உண்டு. அதைப் பிரித்துவிட்டால் பெடல் குழந்தையின் காலைச் சுழற்றி அடிக்காது. ஆனால் பிரேக்கும் இல்லை என்பதால், கம்பியைப் பிடித்த கையை எடுக்கக் கூடாது.

நம் பெங்களூரோ மேடும் பள்ளமுமான ஊர். வண்டி வாங்கும்போது நிறத்தையும் மணியையும் மட்டும் பார்க்காமல், முன்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். பெடலும் கூடவே சுற்றுகிறதா? அப்படியானால் சமதரையில் மட்டும் விடுங்கள். சுற்றவில்லையா? பிரேக் எங்கே என்று கடைக்காரரைக் கேளுங்கள்.

பேரனுக்கு இப்போது பதில் தெரியும். இறக்கம் வந்தால் அவனே இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறான். என் சைக்கிள் மட்டும் 'டிக் டிக்' என்று கூட வருகிறது.