மூலிகைக் கஷாயமும் மருத்துவ ஆராய்ச்சியும்

மனிதனுடைய இருதயம் ஒரு நாளில் ஏறத்தாழ 1,00,000 முறை சுருங்கி விரிகின்றது. அது வலுவிழந்து, இரத்தத்தைச் செவ்வனே செலுத்த இயலாதபோது உடலில் நீர் தேங்குகின்றது. முதலில் கால்கள் வீங்கும். பின்னர் வயிறு பருக்கும். நுரையீரலிலும் நீர் கோத்துக்கொண்டால், நோயாளி படுத்துறங்கவும் இயலாமல் மூச்சுத் திணறுவார். 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மருத்துவர் பலர் இவ்வீக்கத்தையே ஒரு தனி நோயாகக் கருதினர். அதனைத் தீர்க்கும் நல்ல மருந்து எதுவும் அவர்களிடம் இல்லை.

அக்காலத்தில் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் ஒரு மூதாட்டி இருந்தார். மூலிகைகளைக் கொதிக்கவைத்து அவர் தந்த கஷாயத்தால், மருத்துவர்கள் கைவிட்ட வீக்க நோயாளிகளிற் சிலர் நலம் பெற்றனர். கஷாயத்தின் கூட்டு நெடுநாள் இரகசியமாகவே இருந்தது. 1775-ஆம் ஆண்டில் அதனைப் பற்றி வில்லியம் விதரிங் என்னும் மருத்துவரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. விதரிங் மருத்துவ அறிவோடு தாவர நூலறிவும் நிரம்பியவர். கஷாயத்தில் 20-க்கு மேற்பட்ட மூலிகைகள் சேர்ந்திருந்தன. எனினும், நோயைத் தணிப்பது அவற்றுள் பாக்ஸ்குளோவ் என்னும் செடியே என்று அவர் துணிந்தார்.

பாக்ஸ்குளோவ் ஐரோப்பாவின் காட்டோரங்களில் ஆளுயரம் வளரும் செடி. அதன் ஊதாநிறப் பூக்கள் விரலில் மாட்டத்தக்க குழல் வடிவின. ஆகவே, 1542-இல் ஜெர்மானிய அறிஞர் பூக்ஸ், விரலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு டிஜிட்டாலிஸ் என்று பெயரிட்டார். அழகிய அச்செடி கொடிய நஞ்சுடையது. அளவு சிறிது மிகுந்தாலும் வாந்தியும் மயக்கமும் தோன்றும், நாடி தளரும், இறுதியில் இருதயமே நின்றுவிடும். நோயைத் தணிக்கும் அளவிற்கும் உயிரைப் பறிக்கும் அளவிற்கும் இடையேயுள்ள தொலைவு மிகக் குறுகியது. அந்த எல்லையைக் கண்டறிவதே விதரிங் மேற்கொண்ட பணி.

பத்து ஆண்டுகள் அவர் அப்பணியில் ஈடுபட்டார். வேரின் ஆற்றல் பருவத்திற்கேற்ப மாறுவதைக் கருதி, இலையையே தேர்ந்தெடுத்தார். இலையின் ஆற்றலும் ஒரே சீராக இராமையால், செடி பூக்கும் காலத்தில் மட்டுமே அதனைப் பறிக்கவேண்டும் என்று வரையறுத்தார். முதலில் கஷாயமாகக் கொடுத்தார். நெடுநேரம் கொதிப்பதால் மருந்தின் வலிமை குறையக்கூடும் என்று எண்ணி, பின்னர் இலையை வெந்நீரில் ஊறவைத்து அந்நீரைக் கொடுத்தார். நாளடைவில் உலர்ந்த இலைப்பொடியைச் சிறு சிறு அளவாக நிறுத்துக் கொடுப்பதே நலம் என்று கண்டார். தொடக்கத்தில் தாம் கொடுத்த அளவு மிகையானது என்பதையும் அவர் உணர்ந்தார். குமட்டல் முதலிய அறிகுறிகள் தோன்றினால் மருந்தை உடனே நிறுத்தவேண்டும் என்றும் எச்சரித்தார்.

1785-இல் விதரிங் தம் ஆராய்ச்சியை நூலாக வெளியிட்டார். 150-க்கு மேற்பட்ட நோயாளிகளின் வரலாறு அதில் இடம்பெற்றது. குணமடைந்தவர்களை மட்டும் பொறுக்கி எழுதியிருந்தால் மருந்திற்கும் அவருக்கும் பெரும்புகழ் கிடைத்திருக்கும். அதனை அவர் நன்கு அறிந்திருந்தும் அவ்வாறு செய்யவில்லை. மருந்தால் பயன் பெறாதவர்களையும், துன்புற்றவர்களையும், இறந்தவர்களையும் மறைக்காமல் குறித்தார். அந்த நேர்மையே அந்நூலின் உயிர். வெற்றிகளை மட்டும் படித்த ஒரு மருத்துவர் அளவு மீறி மருந்து கொடுத்திருப்பார். தோல்விகளையும் படித்தவரோ எங்கே நிறுத்தவேண்டும் என்பதை அறிந்துகொண்டார். இம்மருந்து இருதயத்தின் இயக்கத்தை மாற்றவல்லது என்பதையும் விதரிங் அந்நூலில் குறித்துள்ளார்.

பிற்கால அறிஞர் அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தனர். 1930-இல் அதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு செடியிலிருந்து டிஜாக்சின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அது இருதயத் தசை வலுவாகச் சுருங்கவும், மிகு விரைவான துடிப்பு மட்டுப்படவும் துணைசெய்கின்றது. இலைக்கு இலை ஆற்றல் மாறும் இடர் இதனால் நீங்கியது. ஒரு மில்லிகிராமில் நான்கில் ஒரு பங்கு மருந்தே கொண்ட மாத்திரைகள் வழக்கத்திற்கு வந்தன.

எனினும், ஒரு வினா எஞ்சியிருந்தது. இம்மருந்து தளர்ந்த இருதயமுடையோரின் ஆயுளை நீட்டிக்கின்றதா? அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் 6,800 நோயாளிகள் இதற்கான ஆய்வில் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினருக்கு டிஜாக்சினும், மற்றவர்களுக்கு அதனைப் போன்ற, மருந்தற்ற மாத்திரையும் தரப்பட்டன. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது. அவரைக் கவனித்த மருத்துவருக்கும் தெரியாது. முடிவு 1997-இல் வெளிவந்தது. இறப்பின் அளவு குறையவில்லை. ஆனால், இருதயத் தளர்ச்சி மிகுந்து மருத்துவமனையில் சேர்வோர் தொகை குறைந்தது. மருந்து துன்பத்தைத் தணிக்கின்றது, ஆயுளை நீட்டிப்பதில்லை என்பது விளங்கியது. இன்று வேறு பல மருந்துகள் முன்னிடம் பெற்றுவிட்டன. டிஜாக்சின் தேவையானவர்களுக்கு மட்டும், இரத்தச் சோதனையின் துணையோடு, மருத்துவரால் கொடுக்கப்படுகின்றது.

மூதாட்டியின் கஷாயம் பொய்யன்று. அதனை இகழ்ந்து தள்ளியிருந்தால் ஒரு நல்ல மருந்து உலகிற்குக் கிடைத்திராது. ஆராயாமல் நம்பியிருந்தாலோ பலர் உயிரிழந்திருப்பர். பாக்ஸ்குளோவ் இலையை வேறொரு மூலிகை என்று மயங்கித் தேநீராகக் காய்ச்சிப் பருகியவர்களுள் உயிர் துறந்தோரும் உண்டு. ஆதலின், இருதயத்திற்கு நன்மை தரும் என்று ஒரு மூலிகை போற்றப்படும்போது, எது, எவ்வளவு, யாருக்கு, எத்தனை பேரிடம் சோதிக்கப்பட்டது, பயன்பெறாதோர் எத்தனை பேர் என்று வினவுதல் அறிவுடைமையாகும்.