தொலைவிலிருந்து படம் பார்த்தல்

நாடியைத் தொட்டறியாத வைத்தியன் நோயை எங்ஙனம் அறிவான் என வினவுதல் எம் முன்னோர் வழக்கு. அவ்வினா இன்று புதுவடிவிற் பிறந்துளது. யாழ்ப்பாணத்தில் எடுத்த ஸ்கான் படத்தைக் கொழும்பிலோ இலண்டனிலோ உள்ள கதிரியல் நிபுணர் கணினித்திரையிற் கண்டு முடிவு கூறின், அது நம்பத்தக்கதோ? 2006ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபின் கொழும்புக்குக் கப்பலையும் விமானத்தையுமே நம்பியிருந்த குடாநாட்டார்க்கு இது வீண்வினா அன்று.

அமெரிக்காவில் இதனை அளந்தும் பார்த்துள்ளனர். அங்கு இரவாகும்போது இந்தியாவிற் பகல். இவ்வசதி கருதியே 2002இல் பெங்களூரில் அர்ஜுன் கல்யாண்பூர் என்னும் கதிரியல் வைத்தியர் தொலைக்கதிரியல் நிறுவனமொன்றைத் தொடங்கினார். இரவில் தொலைவிலுள்ளவர் படித்த படத்தைக் காலையில் உள்ளூர் நிபுணர் மீளப் படிப்பது அந்நாட்டு வழக்கமாயிற்று. 2005இல் வெளியான ஆய்வொன்று இங்ஙனம் இருவர் படித்த 124,870 படப்பரிசோதனைகளை நோக்கிற்று. கருத்து வேறுபட்டவை நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றே.

இவ்வெண்ணைக் கண்டு மயங்கலாகாது. காலையிற் படித்தவரே சரி என்பதற்குச் சான்று யாது? நோயுள்ள மார்பு எக்ஸ்றே படங்களுள் நூற்றுக்கு முப்பதளவானவற்றை நிபுணரும் தவறவிடுவர் எனக் கார்லண்ட் என்னும் அறிஞர் 1949இலேயே காட்டினார். அவர்கள் படலத்தை விளக்கொளியில் நேரே வைத்துப் பார்த்தோர்!

ஆகவே, எத்தனை கல் தொலைவு என்பதினும், வழியில் எது தொலைகின்றது என்பதே கேட்கவேண்டிய கேள்வி. சீ.ரி. ஸ்கான் கருவி 4096 சாம்பற்படிகள் வரை பதிகின்றது. மூளைக்கு ஒரு பகுதி, எலும்புக்கு ஒன்று, நுரையீரலுக்கு வேறொன்று என நிபுணர் அவற்றைத் திரையில் மாற்றி மாற்றி விரித்துக் காண்பர். அச்சிட்ட படலத்தைக் கைத்தொலைபேசியிற் பிடித்து அனுப்பினால் பெரும்பாலும் 256 படிகளே எஞ்சும். மாற்றிக் காணவும் இயலாது. நுரையீரலைச் சூழக் காற்றுக் கசிந்தமையைக் காட்டும் மெல்லிய கோடு மறைந்துபோகலாம். கடல் கடந்து வாழும் எம் பழைய மாணவ வைத்தியர்க்கு ஊரிலிருந்து வரும் படங்களிற் பல இத்தகையனவே. அவசரத்துக்கு உதவும், அறிக்கைக்குப் போதா.

ஒலியலை ஸ்கான் இதற்குப் புறம்பு. அதிற் கருவியை உடலில் நகர்த்தும் கையே பாதி கண்டுவிடுகின்றது.

படத்தினும் பெரிதாக நாம் கருதுவது உடன்செல்லும் செய்தியை. வைத்தியசாலையில் இருக்கும் நிபுணர் சத்திரசிகிச்சையாளரை அழைத்து ஐயந்தெளிவார். தொலைவிலுள்ளவர்க்கோ ‘வயிற்றுவலி’ என்ற ஒரு சொல்லே போய்ச் சேர்வதுண்டு. எப்பக்கம், எத்தனை நாள், முன்னர்ச் சத்திரசிகிச்சை உண்டோ என்பன எழுதப்படல் வேண்டும். பழைய காசத் தழும்பும் புதிய கட்டியும் ஒரே படத்தில் ஒன்றுபோலத் தோன்றலாம். ஐந்தாண்டுக்கு முந்திய படம் அருகிருப்பின் வேறுபாடு புலப்படும். அலுமாரியிற் கிடக்கும் அப்பழைய உறையையும் சேர்த்தனுப்புமாறு நோயாளரே கேட்கலாம்.