பல பொருள், ஒரு பெயர்

"ஆடுகள் மேய்கின்றன" என்பது ஒரு தொடர். "ஆட்டு மந்தை மேய்கின்றது" என்பது மற்றொரு தொடர். இரண்டும் குறிக்கும் காட்சி ஒன்றே, நோக்குத்தான் வேறு. முன்னதில் பல ஆடுகளைப் பலவாகவே காண்கிறோம். பின்னதில் அப்பலவற்றையும் ஒன்றாக்கி, அவ்வொன்றுக்குப் பெயரிட்டு, வினையையும் ஒருமையில் முடிக்கிறோம். இவ்வாறு பலவற்றின் தொகுதியை ஒன்றாகக் கருதி வழங்கும் பெயரைத் தொகுதிப் பெயர் என்றும் கூட்டப் பெயர் என்றும் சொல்வர். இப்பெயர்களை இளங்குழந்தைகளுக்கு எவ்வாறு கற்பிப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள். மாணவர்களாகிய நமக்கு இது எதற்கு என்று நீங்கள் எண்ண வேண்டா. உங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ இருக்கலாம். உங்களுள் பலர் நாளை ஆசிரியராகவும் கூடும்.

பலவற்றை ஒன்றாகக் காண்பது நமக்கு எளிது; குழந்தைக்கு அத்துணை எளிதன்று. சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாழே குழந்தைகளின் எண்ணறிவை ஆராய்ந்து 1941ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அவர் மரமணிகள் சிலவற்றைக் குழந்தைகளுக்குக் காட்டினார். அவற்றுள் பெரும்பாலானவை பழுப்பு நிறம், சில வெண்மை. "பழுப்பு மணிகள் மிகுதியா, மரமணிகள் மிகுதியா?" என்று வினவியபொழுது, இளங்குழந்தைகள் பழுப்பு மணிகளே மிகுதி என்றனர். பகுதியைக் கண்டவர்கள் முழுமையைக் காணவில்லை. பின்னர், 1973ஆம் ஆண்டில், எல்லென் மார்க்மன் என்ற அமெரிக்க உளவியலறிஞர், முழுமையைக் குறிக்கக் "குடும்பம்" என்ற பொருளுடைய தொகுதிப் பெயரை வழங்கி இத்தகைய வினாவைக் கேட்டார். அப்பொழுது குழந்தைகள் முன்னினும் நன்றாக விடையிறுத்தனர். பெயர் ஒன்று வாய்த்ததும் முழுமை அவர்கள் கண்ணுக்குப் புலப்பட்டது.

ஆகவே தொகுதிப் பெயர் இலக்கணத் தேர்வுக்கு மட்டும் உரியதன்று. எண்ணும் திறனுக்கும் அது துணை. பத்துக் குச்சிகளை ஒரு கட்டாகக் கட்டிப் பத்தாம் இடத்தைக் கற்பிக்கும் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். 3 கட்டும் 4 குச்சியும் சேர்ந்தால் 34. பத்தை ஒன்றாகக் காண இயலாத குழந்தைக்கு இக்கணக்கு விளங்காது.

இனி, கற்பிக்கும் முறைக்கு வருவோம். நம் பள்ளிகளில் "ஆடு — மந்தை, பூ — கொத்து, வைக்கோல் — போர்" என்று பட்டியல் கொடுத்து உருப்போடச் செய்வது உண்டு. அவ்வாறு கற்றது தேர்வோடு மறைந்துவிடும். தமிழில் இப்பெயர்களுள் பல, பொருள்கள் எவ்வாறு கூடியுள்ளன என்பதையே உணர்த்துகின்றன. ஒரே காம்பிலிருந்து கிளைத்துத் தொங்கினால் அது கொத்து. புறத்தே கயிறு கொண்டு பிணைத்தால் கட்டு. ஒழுங்கின்றிக் கொட்டிக் கிடந்தால் குவியல். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அடுக்கு. ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து சென்றால் சாரை. இவ்வுண்மையைக் கண்டுகொண்ட குழந்தை, சாவிகளை ஏன் கொத்து என்கிறோம், விறகை ஏன் கட்டு என்கிறோம் என்பதைத் தானே கூறிவிடும்.

எனவே முதலில் பொருளைக் காட்டுக. பின்னர்ச் சொல்லைத் தருக. வளையத்திலுள்ள சாவிகளைக் காட்டிச் "சாவிக் கொத்து" என்று சொல்லுங்கள். ஒரு சாவியைக் கழற்றி, "இது கொத்தா?" என்று கேளுங்கள். எல்லாவற்றையும் கழற்றித் தரையில் பரப்பி, "கொத்து எங்கே போயிற்று?" என்று கேளுங்கள். சாவிகள் அனைத்தும் அங்கேயே இருக்கின்றன. கொத்து மட்டும் இல்லை! குழந்தை வியந்து சிரிக்கும். அச்சிரிப்பிலேயே பாடம் பதிந்துவிடும். அடுத்து, கடைத்தெருவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வாழைப்பழங்கள் பல சேர்ந்தது சீப்பு. சீப்புகள் பல சேர்ந்தது தார். தொகுதிக்குள்ளும் தொகுதி உண்டு என்பதை அங்கே கண்ணாரக் காணலாம்.

குழந்தை "எறும்பு மந்தை" என்று சொன்னால் கடிந்து கொள்ளாதீர்கள். பலவற்றை ஒன்றாகக் காணும் அரிய செயலை அது செய்து முடித்துவிட்டது. சொல் ஒன்றுதான் மாறியிருக்கிறது. "ஆம், எறும்புகள் சாரையாகப் போகின்றன" என்று நீங்கள் திருத்தமாகச் சொன்னாலே போதும். நாட்டு வழக்கையும் பிழை என்று தள்ளிவிடாதீர்கள். தஞ்சையில் வாழைத்தார் என்பதைக் கன்னியாகுமரிப் பகுதியிலும் யாழ்ப்பாணத்திலும் வாழைக்குலை என்பர். இரண்டும் தமிழே.

சற்று வளர்ந்த பின்னர் வினைமுடிபைக் கற்பிக்கலாம். "மக்கள் வந்தனர்", ஆனால் "மக்கள் கூட்டம் வந்தது". கூட்டத்தில் இருப்போர் உயர்திணையினரே ஆயினும், கூட்டம் என்ற சொல் அஃறிணை ஒருமையாய் முடிகிறது. "கூட்டம் வந்தனர்" என்று எழுதுவோரைக் கல்லூரிகளிலும் காண்கிறோம். நீங்கள் அவ்வாறு எழுதாதீர்கள்.

எப்பொருளை எச்சொல்லால் வழங்கவேண்டும் என்பதை நம் முன்னோர் மரபு என்றனர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலுக்கு மரபியல் என்றே பெயர். பசுக்களின் தொகுதியை நிரை என்றனர். பகைவர் ஆநிரையைக் கவர்தல் வெட்சித் திணையாயிற்று. தென்னை நிற்பது தோப்பு, சோளம் விளைவது கொல்லை, வெற்றிலை படர்வது கொடிக்கால் என்று பிரித்தறிந்து பெயரிட்டனர். நகரத்துக் குழந்தைகள் பலருக்கு இன்று மந்தையும் கொடிக்காலும் கண்ணிற்படுவதில்லை. எல்லாவற்றையும் "கூட்டம்" என்ற ஒரே சொல்லால் சுட்டும் வழக்கம் பெருகினால், இச்சொற்கள் அகராதியில் மட்டுமே எஞ்சும்; அவற்றோடு, வேற்றுமையைக் கூர்ந்து காணும் பழக்கமும் குன்றும்.

இன்று மாலையே உங்கள் வீட்டுக் குழந்தையிடம் ஒரு சாவிக் கொத்தைக் கொடுத்துத் தொடங்குங்கள்.