தடை மறையும் வேளை!



வேலூரிலிருந்து ஆம்பூருக்குப் பஸ்ஸில் போனால், எங்கள் பள்ளிகொண்டாவில் ஒரு சுங்கச்சாவடி வரும். வேகமாக வந்த லாரிகள் அங்கே ஊர்ந்து, நின்று, பிறகு கிளம்பும். டீசல் வீணாகிறது அல்லவா? மின்கம்பியிலும் இதே கதைதான். மின்சாரம் என்பது எலக்ட்ரான்களின் ஓட்டம். ஓடும் வழியில் அவை, அதிர்ந்துகொண்டே இருக்கும் அணுக்களோடு மோதுகின்றன. அதனால் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகி வீணாகிறது. இதைத்தான் மின்தடை என்கிறோம்.

சுங்கச்சாவடியே இல்லாத சாலை போல, மின்தடையே இல்லாத பொருள் உண்டா? உண்டு! அதன் பெயர் மீக்கடத்தி.

1911ஆம் ஆண்டு, நெதர்லாந்தின் லெய்டன் நகரில் காமர்லிங் ஆனஸ் என்ற விஞ்ஞானி பாதரசத்தைக் குளிரவைத்துக்கொண்டே போனார். மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் அதன் மின்தடை மாயமாய் மறைந்துவிட்டது! இப்படித் தடை மறையும் வெப்பநிலையை ‘மாறுநிலை வெப்பநிலை’ என்பார்கள்.

வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறார்களே, அந்த வகைக் கருவிகளில் பெரும்பாலானவற்றின் காந்தம் மீக்கடத்திக் கம்பியால் ஆனதுதான். ஆனால், அதைக் குளிர்விக்கத் திரவ ஹீலியம் வேண்டும். அதன் விலை மிக அதிகம்.

1986இல் சுவிட்சர்லாந்தில் பெட்நோர்ஸ், முல்லர் என்ற இருவர் ஓர் அதிசயம் செய்தார்கள். செம்பும் ஆக்சிஜனும் சேர்ந்த, பீங்கான் போன்ற ஒரு பொருள் சுமார் மைனஸ் 238 டிகிரியிலேயே மீக்கடத்தியாக மாறத் தொடங்குவதைக் கண்டார்கள். மறு ஆண்டே நோபல் பரிசு! அதே 1987இல் அமெரிக்காவில் பால் சூ, வூ ஆகியோரின் குழுக்கள் யிட்ரியம் கலந்த பொருளைச் செய்தன. அதற்கு மைனஸ் 180 டிகிரி போதும்.

“மைனஸ் 180ஐயா ‘உயர் வெப்பநிலை’ என்கிறார்கள்?” என்று சிரிக்காதீர்கள்! பாதரசத்தோடு ஒப்பிட்டால் அது கோடைக்காலம். இந்தக் குளிருக்குத் திரவ நைட்ரஜனே போதும். கால்நடை மருந்தகத்தில் சினை ஊசி மருந்து வைத்திருக்கும் பாத்திரத்தைத் திறந்தால் வெண்புகை எழுமே, அதற்குள் இருப்பது இந்தத் திரவ நைட்ரஜன்தான்.

சரி, தடை மறையும் அந்த வேளையில் உள்ளே என்ன நடக்கிறது?

பிரார்த்தனை மணி அடித்ததும் உங்கள் பள்ளி மைதானத்தைக் கவனியுங்கள். எல்லாரும் ஒரே நொடியில் வரிசையாகிவிடுவது இல்லை. இங்கே நாலு பேர், அங்கே ஆறு பேர் என்று சிறு வரிசைகள் உண்டாகும், கலையும், மறுபடி உண்டாகும். பிறகுதான் மைதானம் முழுவதும் ஒரே ஒழுங்கு.

மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து, எல்லா ஜோடிகளும் ஒரே தாளத்தில் நடக்கின்றன. பாதரசம் போன்ற பழைய மீக்கடத்திகளில் ஒரு ஜோடி நூற்றுக்கணக்கான அணுக்களின் தூரத்துக்குப் பரவியிருக்கும். அந்த இடத்துக்குள்ளேயே எண்ணற்ற ஜோடிகள் பின்னிக் கிடக்கும். அதனால் எல்லாம் சேர்ந்து சட்டென்று மாறுகின்றன.

புதிய பொருள்களில் ஒரு ஜோடியின் அகலம் சில அணுக்கள் மட்டுமே. அதனால் சிறு கூட்டங்கள் தனித்தனியே முந்திக்கொள்கின்றன! மாறுநிலை வெப்பநிலைக்குப் பல டிகிரி மேலேயே மீக்கடத்தித் தீவுகள் தோன்றித் தோன்றி மறைகின்றன. குளிரக் குளிர அவை பெரிதாகும். அதிக நேரம் நிலைக்கும். மின்தடையும் முன்கூட்டியே மெல்லக் குறையும். கடைசியில் தீவுகள் எல்லாம் ஒன்றாகிவிடும்.

இங்கேதான் ஒரு பெரிய புதிர். ஜோடிகள் அந்த வேளையில்தான் பிறக்கின்றனவா? அல்லது முன்பே பிறந்து, தாளம் சேராமல் காத்திருந்தனவா?

நம் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் விஞ்ஞானி கணபதி பாஸ்கரன், 1987இல் நோபல் அறிஞர் ஃபிலிப் ஆண்டர்சனோடும் ஸௌ என்பவரோடும் சேர்ந்து ஒரு கருத்தை வெளியிட்டார். ‘இந்தப் பொருள்களில் எலக்ட்ரான்கள் முன்பே ஜோடியாகத்தான் இருக்கின்றன, ஆனால் நகர முடிவதில்லை. சில எலக்ட்ரான்களை நீக்கி இடம் கொடுத்தால், அந்த ஜோடிகள் ஓடத் தொடங்கும்’ என்பது அதன் சாரம். உலகமே திரும்பிப் பார்த்த கருத்து அது. ஆனாலும், எல்லா விஞ்ஞானிகளும் ஒப்புக்கொண்ட விடை இன்றுவரை இல்லை.

ஜோடி சேரும் ரகசியம் தெரிந்தால், நம் வேலூர் வெயிலிலும் வேலை செய்யும் மீக்கடத்தியைத் தேட வழி பிறக்கலாம். அப்படி ஒன்று கிடைத்தால், மின்கம்பிகளில் வெப்பமாகி வீணாகும் மின்சாரம் மிச்சமாகும். ஸ்கேன் செலவும் குறையலாம்.

எனவே, நாளைக்குப் பிரார்த்தனை மணி அடித்ததும் ஒரு நிமிடம் கவனியுங்கள். முதல் வரிசை எங்கே உண்டாகிறது? எது கலைகிறது? எது நிலைக்கிறது? விஞ்ஞானிகள் எலக்ட்ரான்களிடம் கேட்டுக்கொண்டிருப்பதும் இதே கேள்விகளைத்தான்!